கண்டக்டரம்மா இறங்கிய இடம்

மார்ச் 4

அன்புள்ள கண்டக்டரம்மாவுக்கு,

இங்கே நலம். நீயும் பாப்பாவும் நலம்தானே?

அடுத்த எபிசோடின் வசனத் தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். வெளிச் சத்தம் பதிவில் விழாமலிருக்கத் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் படிக்கிறாய் என்பதால் எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறேன். போன முறை நீ அனுப்பிய பதிவில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வெட்டாமல் விட்டுவிட்டேன். அது செவ்வாய்க் கிரகத்து நாய் என்று நேயர்கள் முடிவுகட்டி, அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள்.

நம் 'அடுத்த நிறுத்தம் சனி' தொடருக்கு வரும் கடிதங்களை வானொலி நிலையத்தார் பையோடு என்னிடம் தள்ளிவிடுகிறார்கள். லிப்ட் பழுது பார்த்துவிட்டு வந்து, கிரீஸ் கையோடு உட்கார்ந்து படிக்கிறேன். கிரகத்துக்குக் கிரகம் போகிற ஓட்டை பஸ், வழி கேட்க மறுக்கும் டிரைவர், அவனைத் திட்டியே வண்டியை நகர்த்தும் கண்டக்டரம்மா. இதை இத்தனை பேர் வாராவாரம் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள் என்று ஆரம்பிக்கும்போது நாம் நினைத்தோமா?

ஒரு அறிவியல் ஆசிரியர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஒளி வேகத்தில் போகிற பஸ்ஸில் திடீரென்று பிரேக் பிடித்தால் பயணிகள் என்ன ஆவார்கள் என்று எழுதியவருக்குத் தெரியுமா என்று கேட்கிறார். கடைசியில் பொடி எழுத்தில், 'மூன்று தலைப் பயணிக்கு ஒரு டிக்கெட்டா, மூன்று டிக்கெட்டா? அதை மட்டும் சீக்கிரம் சொல்லுங்கள்' என்று இருக்கிறது.

மற்றவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றேதான். டிரைவருக்கும் கண்டக்டரம்மாவுக்கும் எப்போது கல்யாணம்? 'இவ்வளவு பொருத்தமாகச் சண்டை போடுகிறவர்களைச் சேர்த்து வைக்காமல் இருப்பது பாவம்' என்கிறார் ஒரு தையல்காரர். நமக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷமானதும், போன மழைக்காலத்தில் நீ பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டதும் பாவம் அவருக்கு எப்படித் தெரியும்.

போனில் பேசினால் மூன்றாவது பேச்சிலேயே நம் குரல் ஏறிவிடுகிறது. தாளில் எழுதினால் எழுதி முடிப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும் என்று நீதான் சொன்னாய். சொன்னது சரிதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
டிரைவர்


மார்ச் 13

டிரைவருக்கு,

கடிதமும் தாள்களும் கிடைத்தன. பதிவு செய்து அனுப்பிவிட்டேன். இந்த முறை நாய் இல்லை. மேல் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்தார். அதையும் ஏதாவது ஒரு கிரகமாக்கிவிடுவார்கள்.

போன வாரம் எக்ஸ்ரே எடுக்க ஒருவர் வந்தார். விலா எலும்பில் விரிசல். எப்போதும் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். "மூச்சை இழுத்துப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க." அந்த மனுஷர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரிக்கச் சிரிக்க வலிக்கிறது, வலிக்க வலிக்கச் சிரிக்கிறார்.

"என்னங்க ஆச்சு?"

"நீங்க கண்டக்டரம்மாதானே? 'படியில நிக்காதீங்க, வெளியில காத்து கிடையாது'ன்னு சொல்வீங்களே."

படத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதாகிவிட்டது. போகும்போது, "டிரைவரும் நீங்களும் நிஜத்துல எப்படிங்க?" என்று கேட்டார். "ஒரே வண்டியில வேலை" என்றேன். பொய் சொல்லவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். 'நீங்க பேசாம இருக்கறதுதான் இந்த வண்டியிலேயே பெரிய சத்தம்' என்று போன எபிசோடில் ஒரு வசனம் எழுதியிருந்தீர்கள். வண்டி என்பதற்குப் பதில் வீடு என்று போட்டால், அது நான் பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களிடம் சொன்னது. அன்றைக்கு நீங்கள் காதிலேயே விழாத மாதிரி நின்றீர்கள். விழுந்திருக்கிறது. ஒரு சொல்கூடச் சிந்தாமல் விழுந்திருக்கிறது.

பாப்பாவின் பள்ளி வேனில் அந்த எபிசோடைப் போட்டார்களாம். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்களாம். இவளும் சிரித்தாளாம். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, அது நம்ம பழைய சமையலறைதானே?" என்றாள். "இல்லம்மா, சனி கிரகம்" என்றேன். அவள் நம்பவில்லை. பதிமூன்று வயதாகிறது, நம்புகிற வயசா?

இப்படிக்கு,
கண்டக்டர்


ஏப்ரல் 2

அன்புள்ள கண்டக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அதனால்தான் தாமதம்.

காதில் விழுந்தது. நீ சொன்ன எல்லாமே விழுந்தது. எனக்குப் பதில் யோசிக்க இரண்டு நாள் வேண்டும். உனக்கு இரண்டு நிமிஷம் காத்திருக்க முடியாது. அதில் யார் தப்பு என்று இனிமேல் பிரித்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது. அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் டிரைவர் இப்போது சொல்கிறான். என்னால் முடிந்தது அதுதான்.

இங்கே கல்யாணக் கூச்சல் அதிகமாகிவிட்டது. லிப்டுக்குள் பாதி உடம்பும் வெளியே பாதி உடம்புமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறேன், கீழே நின்ற ஒருத்தர், "டிரைவரே, முதல்ல அந்தம்மாகிட்ட பேசி முடிங்க, அப்புறம் லிப்ட் பாக்கலாம்" என்கிறார். அந்தத் தையல்காரர் கண்டக்டரம்மாவுக்குக் கல்யாண ரவிக்கையே தைத்து அனுப்பிவிட்டார். குரலை வைத்து அளவு எடுத்தாராம். பிரித்துப் பார்த்தேன். ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கிறது. நிலையத்தாரும் கல்யாண எபிசோட் கேட்கிறார்கள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

இன்னொரு கடிதம் வந்தது. கால் உடைந்து மாதக்கணக்கில் படுக்கையில் இருக்கும் ஒரு பெண்மணி எழுதியது. முதலிலிருந்து எல்லா எபிசோடையும் ஹெட்போனில் வரிசையாகக் கேட்டிருக்கிறார். அதில் ஒரு பகுதியை அப்படியே எழுதுகிறேன்:

'ஆரம்பத்தில் டிரைவர் பேசும்போது பின்னால் அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொள்ளும் சத்தம் லேசாகக் கேட்கும். மழைக்காலத்துக்குப் பிறகு அவர் பேசும்போது பின்னால் யாருமே இல்லை. வசனம் முன்பைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் காலி அறையில் பேசுகிறார். இரண்டு பேரும் சௌக்கியம்தானே? கேட்கக் கூடாததைக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.'

எல்லாருக்கும் பதில் போடுகிறவன் நான். இதற்கு மட்டும் பேனா ஓடவில்லை.

இப்படிக்கு,
டிரைவர்


ஏப்ரல் 15

டிரைவருக்கு,

அந்தப் பெண்மணிக்குப் பதில் போட்டுவிடுங்கள். சௌக்கியம் என்று எழுதினால் போதும். விசாரித்தவரைக் காக்க வைக்கக் கூடாது.

கல்யாண எபிசோட் வேண்டாம். என்னால் முடியாது.

என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். ஈயத் தகடு வைத்த அங்கியைக் காலையில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுகிறேன். கழற்றிய பிறகும் தோளில் அது கிடக்கிற மாதிரியே இருக்கிறது. வீட்டுக்கு வந்து சமைத்து, பாப்பாவின் பாடத்தைப் பார்த்து, பிறகு அலமாரிக்குள் போய் உட்கார்ந்து உங்களோடு சண்டை போடுகிறேன். சண்டை எனக்கு அலுக்கவில்லை. முடிந்துபோன சண்டையை நல்ல உச்சரிப்போடு மறுபடி போடுவதுதான் அலுத்துவிட்டது.

போன வாரம் தொண்டை சரியில்லை, வரிகள் தடுமாறின. பாப்பா தானாகவே, "நான் அப்பா வரியைப் படிக்கிறேம்மா, நீ பதில் சொல்லு" என்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். நன்றாகத்தான் படித்தாள். உங்களை மாதிரியே இழுத்து இழுத்துப் படித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்து, "உங்களோட ஒரே வண்டியில போறதுக்கு நான் நடந்தே போயிடுவேன், வெளியில காத்து இல்லாட்டியும் பரவால்ல" என்றேன். டார்ச் ஆடியது. சிரிக்கிறாள் என்று நினைத்து அடுத்த வரியையும் சொல்லிவிட்டேன். பிறகுதான் பார்த்தேன், சிரிப்பு இல்லை.

இதற்கு மேல் நான் என்ன எழுத. கண்டக்டரம்மாவை எங்கேயாவது இறக்கிவிடுங்கள். சாகடிக்க வேண்டாம், நேயர்கள் உங்களை உயிரோடு விடமாட்டார்கள். இறக்கிவிட்டால் போதும்.

விவாகரத்துக்காக வக்கீல் அனுப்பிய தாள்கள் மழைக்காலத்திலிருந்து உங்களிடம் இருக்கின்றன. நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

இப்படிக்கு,
நான்


ஏப்ரல் 29

அன்புள்ள உனக்கு,

டார்ச் சமாசாரத்தைப் படித்த அன்று வேலைக்குப் போகவில்லை. ஒரு கட்டடத்தில் நாள் முழுக்க எல்லாரும் படியேறியிருக்கிறார்கள். ஏறட்டும்.

வசனத் தாள்கள் அனுப்பியிருக்கிறேன். மூன்றே பக்கம். கண்டக்டரம்மா இறங்குகிறாள். சண்டை இல்லை. எழுத எழுதச் சண்டைதான் வந்தது, அடித்து அடித்து எழுதினேன். நாம் சண்டை போடாமல் பேசினால் எப்படிப் பேசுவோம் என்றே எனக்குப் பிடிபடவில்லை. பிறகு, சந்தித்த புதிதில் எப்படிப் பேசினோம் என்று யோசித்துப் பார்த்து எழுதினேன்.

ஒன்று கேட்கிறேன். இதை மட்டும் இங்கே வந்து என்னோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போக முடியுமா? உன் மனசை மாற்றக் கூப்பிடவில்லை. இந்த வசனத்தை நீ அலமாரிக்குள் தனியாகப் பேச வேண்டாம் என்றுதான். பாப்பாவும் வரட்டும். அவள் எதையும் படிக்க வேண்டாம்.

படுக்கையில் இருக்கும் அந்த அம்மாவுக்குப் பதில் போட்டேன். சௌக்கியம் என்றுதான் எழுதினேன். வேறு வேறு ஊரில் சௌக்கியம் என்று.

இப்படிக்கு,
நான்


மே 20

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் வீட்டிலிருந்து பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். வசனம் நன்றாக இருந்தது. "இறங்கற இடம் வந்துடுச்சு. பாத்து இறங்கு, பள்ளம்" என்று நீங்கள் சொன்னபோது, அடுத்தது என் வரி என்பதே எனக்கு மறந்துவிட்டது. நீங்களும் ஞாபகப்படுத்தாமல் காத்திருந்தீர்கள். அந்த இடைவெளியை வெட்டினாலும் சரி, விட்டாலும் சரி, உங்கள் இஷ்டம்.

பதிவு முடிந்ததும் சோபாவில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். இத்தனை மாதத்தில் நான் அப்படித் தூங்கியதே இல்லை. விழித்தபோது சாயங்காலம். போர்வை போர்த்தியிருந்தது. சமையலறையில் நீங்களும் பாப்பாவும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். "அம்மா முழிச்சுக்கப் போறா, மெதுவா பேசுங்கப்பா" என்று அவள் உங்களை அதட்டினாள்.

ஒரு நிமிஷம், திரும்பி வந்துவிடலாமா என்று இருந்தது. மறைப்பானேன். பிறகு பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு வேண்டியிருந்தது தூக்கம். வீடு இல்லை. நீங்கள் அன்றைக்கு அவ்வளவு நல்லவராக இருந்ததும் நான் கிளம்பிவிடுவேன் என்று தெரிந்ததால்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். நாம் இருவரும் விருந்தாளிகளிடம் நல்லவர்கள்.

வக்கீல் தாள்களை அனுப்பிவிடுங்கள். கோபத்தில் கேட்கவில்லை.

இப்படிக்கு,
நான்


ஜூன் 11

அன்புள்ள உனக்கு,

எபிசோட் ஒலிபரப்பாயிற்று. இடைவெளியை வெட்டவில்லை. வானொலி நின்றுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தவர்கள் பலர்.

அன்றிலிருந்து எனக்குத் தெருவில் நடமாட வழியில்லை. முடி வெட்டப் போனேன். சலூன்காரர் ஒரு பக்கம் வெட்டிவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்தார். "அந்தம்மாவ ஏன் இறக்கிவிட்டீங்க? பதில் சொல்லுங்க, மறுபக்கம் வெட்டறேன்."

"நான் இறக்கிவிடலங்க. அவங்க இறங்கற இடம் வந்துச்சு."

"அப்ப நீங்க வண்டிய நிறுத்திட்டுக் கூடவே இறங்கியிருக்கலாமே."

பக்கத்தில் காத்திருந்தவர்கள் எல்லாரும் அவர் கட்சி. பதில் யோசிக்க எனக்கு இரண்டு நாள் வேண்டும் என்று அவர்களிடம் சொல்ல முடியுமா. கடைசியில் அவரே இரக்கப்பட்டு மறுபக்கத்தையும் வெட்டிவிட்டார்.

கடிதங்கள் மூட்டையாக வருகின்றன. திட்டு, அழுகை, மிரட்டல். அறிவியல் ஆசிரியர் முதல் முறையாகப் பிழை எதுவும் சொல்லாமல், 'அந்தக் கிரகத்தில் அவருக்குத் தங்க இடம் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டிருக்கிறார். இருக்கிறது என்று எழுதினேன். யார் கேட்டாலும் கூடவே ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்: கண்டக்டரம்மா மேல் தப்பு இல்லை.

நிலையத்தார் புதுக் கண்டக்டர் போடலாம் என்றார்கள். ஒரு பெண் வந்து பேசிக் காட்டினாள், நன்றாகவே பேசினாள். ஆனால் அவள் திட்டினால் எனக்கு உறைக்கவில்லை. போதும் என்று சொல்லிவிட்டேன். வண்டி பணிமனைக்குப் போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை எழுத எதுவும் இல்லாமல் மத்தியானம் வரை தூங்கினேன். எழுந்தபோது யார் மேலும் கோபம் இல்லை. பசித்தது.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தபாலில் போட மனசு வரவில்லை. வருகிற ஞாயிறு பாப்பாவைக் கூட்டிப் போக வரும்போது கையில் தருகிறேன். வாசலிலேயே நின்று தந்துவிடுகிறேன், உனக்குச் சிரமம் வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


ஜூன் 15

பாப்பாவின் அப்பாவுக்கு,

வாசலில் நிற்க வேண்டாம். உள்ளே வந்து உட்காருங்கள். நீங்கள் வருகிறீர்கள் என்றால் அவள் இருக்கிற சட்டையையெல்லாம் போட்டுப் பார்த்துத்தான் கிளம்புவாள். எப்படியும் நேரமாகும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா