வெள்ளி தீர்ந்த ஊரின் கடைத்தெரு

என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டெடுத்த என் அண்ணாவுக்கு,

நீங்கள் இறந்து ஒன்பது கிழமை, இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. இன்னும் உங்களை மண்ணில் வைக்கவில்லை. இந்த இரண்டு வசனங்களையும் அடுத்தடுத்து எழுதவே எனக்குக் கூசுகிறது. மார்க்கம், ஸ்காபரோ நகரங்களில் இருக்கிற எங்கள் சொந்தக்காரருக்கு நான் வேறு கதை சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நின்று எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு வந்ததாக. அது பொய். அதனால்தான் இதை எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்து.

ரொறன்ரோ உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு சமையலுக்கு உயர்ந்து, அம்மாவையும் என்னையும் நீங்கள்தான் கனடாவுக்கு எடுப்பித்தீர்கள். எனக்குக் கலியாணம் செய்து வைத்தீர்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள், வடக்கே போய் ஒரு சின்ன ஊரில் சாப்பாட்டுக்கடை போடப்போவதாகச் சொன்னீர்கள். ஆறு மணித்தியால ஓட்டம். முன்பு வெள்ளி தோண்டிய ஊர். வெள்ளி தீர்ந்து, சனமும் போய், பழைய கடைத்தெரு மட்டும் மிஞ்சி நிற்கிற ஊர். "அங்க ஆர் அத்தான் சாப்பிட வருவினம்?" என்று என் கணவர் கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். அங்கே ஐரீன் இருப்பதை அன்றைக்குச் சொல்லவில்லை.

ஐரீன் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள், கணவனை இழந்தவர், உங்களைவிட நான்கு வயது மூத்தவர், நீங்கள் அவரோடுதான் வாழப்போனீர்கள் என்பதெல்லாம் பிறகு தெரியவந்தது. "உவன் இந்தப் படியில கால் வைச்சா நான் பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டன்" என்றார் அம்மா. நான் அம்மாவைத் தடுக்கவில்லை. நீங்கள் போன் எடுத்தால் அம்மா வாங்கமாட்டார். நானும் இரண்டு சொல்லோடு வைத்துவிடுவேன். போகப்போக உங்கள் அழைப்பை எடுப்பதையே விட்டுவிட்டேன்.

எனக்கும் கோபம் இருந்தது, அண்ணா. ஒன்பது வருசம் அம்மாவைத் தனியப் பார்த்தது நான். ஒவ்வொரு நாளும் மார்க்கம் நகரில் வேலை முடிந்து ரூஜில் இருந்த வீட்டுக்கு ஓடிவந்து குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, இடுப்பைப் பிடித்துத் தூக்கி இருத்தியது நான். கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா யாரைக் கூப்பிட்டார்?

"எங்க பெரியவன்? வந்திட்டானோ?"

இரண்டு நாள் முழுக்க இதுதான். என்னை நேரே பார்த்துக்கொண்டு உங்களைக் கேட்டார். "அண்ணா வாறார் அம்மா, வந்துகொண்டிருக்கிறார்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன் என் கையில் இருந்தது. உங்கள் இலக்கமும் அதில் இருந்தது. நான் அழுத்தவில்லை. மறந்துபோனேன் என்றோ, பதற்றம் என்றோ சொன்னால் யாரும் நம்பியிருப்பார்கள். ஆனால் நான் யோசித்துத்தான் விட்டேன். என்னைக் கேட்காத அம்மாவுக்கு நீங்களும் கிடைக்கக்கூடாது என்று நினைத்தேன்.

செத்தவீடு முடிந்த பிறகு யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று வந்தீர்கள். வீடு நிறையச் சனம். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். உங்களுக்குப் பின்னால் காருக்குள் ஐரீன் இருந்தார், கறுப்புச் சட்டையோடு. நீங்கள் சண்டை பிடிக்கவில்லை. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்.

"அம்மா என்னைக் கேட்டவவோ?"

"கேக்கேல்லை" என்றேன்.

நீங்கள் தலையாட்டினீர்கள். உள்ளே வரக் கேட்கவில்லை. திரும்பிப் போய்க் காரில் ஏறினீர்கள். அடுத்த ஆறு மணித்தியாலமும் காரை ஐரீன்தான் ஓட்டினாராம். இதை அவர்தான் எனக்குப் பிறகு சொன்னார். மூன்று மாதத்தில் உங்கள் நெஞ்சு நின்றுபோனது.

அதை எனக்குச் சொல்ல ஐரீன் ஒரு கிழமை எடுத்துக்கொண்டார். பிரார்த்தனை முடிந்துவிட்டது, ஊரே வந்தது, நல்லபடி நடந்தது என்றார். ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கத்தினேன். "உன் தாய் சாகக் கிடந்தபோது நீ அவரைக் கூப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் தனியே காரை எடுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் இருந்தவரைக்கும் ஒரு தரம்கூட வராத ஊருக்கு. ஊர் நான் நினைத்த மாதிரிச் செத்துக் கிடக்கவில்லை. சுரங்க வாய்களுக்கு நடுவில் முதலில் வீடுகளைக் கட்டி, பிறகு இடம் கிடைத்த வழியே தெருவை விட்டிருக்கிறார்கள். அதனால் கடைத்தெரு வளைந்து வளைந்து மேடேறுகிறது. செங்கல் கட்டடங்கள். சிலதுக்குக் கண்ணாடி இல்லை, பலகைதான். உங்களுடையது மட்டும் பச்சை நிறம் அடித்திருந்தது. பழைய பாங்க் கட்டடமாம். காசு பூட்டிவைத்த இரும்பறைக்குள் நீங்கள் உருளைக்கிழங்கு மூட்டைகளை அடுக்கியிருந்தீர்கள்.

கதவைத் திறந்த ஐரீன், "வாங்கோ" என்றார். நீங்கள் பழக்கிய தமிழ். அதைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு, உன்னைச் சந்திக்க விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், வா என்றார்.

முதலில் பாண் சுடுகிற பேக்கரிக் கடை. மாக் கையோடு வெளியே வந்த பெண் என்னைக் கட்டிப்பிடித்தார். ஞாயிறு தவறாமல் அண்ணனுக்குப் போன் எடுக்கிற தங்கை நீதானா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐரீனைப் பார்த்தேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். ஓம் என்று தலையாட்டினேன்.

அடுத்தது தபாற்கந்தோர். அங்கே இருந்தவருக்கு என் பிள்ளைகள் இருவரின் பெயரும் தெரிந்திருந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு நான் அனுப்பிய கம்பளிச் சட்டையை நீங்கள் போட்டுக்கொண்டு வந்து காட்டினீர்களாம். நான் எந்தச் சட்டையை அனுப்பினேன், அண்ணா? நீங்களே வாங்கினீர்களா? அதற்கும் தலையாட்டினேன்.

ஐரீன் என்னை விடவில்லை. மெதுவாக, கதவு கதவாக, அந்தத் தெரு முழுக்க நடத்திக்கொண்டு போனார். "இது அவருடைய தங்கை" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. போகிற இடமெல்லாம் எழும்பி நின்று எனக்கு நன்றி சொன்னார்கள். உங்களை இவ்வளவு நேசித்ததற்கு. யாராவது ஒருவர் என் முகத்தில் காறித் துப்பினால் நல்லது போலிருந்தது.

கடைசிக்கு, இரும்புச்சாமான் கடையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கிழவர் இருந்தார். நிலத்துக்குக் கீழே முப்பது வருசம் வேலை செய்தவராம். அவர் மட்டும் நன்றி சொல்லவில்லை. ஞாயிறுகளில் இருவரும் என்னதான் கதைப்பீர்கள் என்று கேட்டார். என்ன கதைத்திருப்போம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஐரீன் எனக்காகப் பதில் சொன்னார்.

"தாயைப் பற்றிக் கதைப்பார்கள். தாய் அவரை எப்போதும் விசாரிப்பார் என்று இவள் சொல்லுவாள்."

கிழவர் சந்தோசப்பட்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

தெருமுனையில் வைத்து ஐரீனிடம் உண்மையைச் சொன்னேன். அம்மா கேட்டார், இரண்டு நாளும் கேட்டார், நான்தான் இல்லையென்றேன் என்று. அவருடைய முகம் முதன்முறையாகக் கலைந்தது. கடைசி மூன்று மாதமும் நீங்கள் அதையே திருப்பித் திருப்பி அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தீர்களாம். பெற்றவள் கேட்காமலே போவாளா, அப்படி நான் என்ன செய்தேன் என்று.

"அதை என்னிடம் சொல்லி உனக்குப் பாரம் இறங்க வேண்டாம்" என்றார்.

உங்களைப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். மயானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பனிக்காலத்தில் நிலம் கல்லாக இறுகிவிடுவதால், இறந்தவர்களைப் பெட்டியோடு கல்லால் கட்டிய ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டி, நிலம் இளகிய பிறகுதான் புதைப்பார்களாம். இரும்புக் கதவு. அதன் பூட்டுத் திறப்பு ஐரீனிடம் இருந்தது. திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. என்றைக்குப் புதைப்பீர்கள் என்று கேட்டேன்.

"மே மாதம். நாள் சொல்லமாட்டேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டும் என்று முயன்றும் பார்த்தேன். அந்தக் கதவில் கையை வைத்து, அம்மா கேட்டதை உரத்துச் சொன்னேன். எங்கள் தமிழில். அந்தக் குளிரில் கை ஒட்டிக்கொண்டது, பிய்த்தெடுக்கத் தோல் உரிந்தது. உங்களுக்குக் கேட்டிருக்காது. செத்தவருக்குக் கேட்கும் என்று நம்ப எனக்கும் ஆசைதான். நீங்கள் உயிரோடு, என் வாசலில், ஒரு முழம் தள்ளி நின்றபோது சொல்லாததை இனிச் சொல்லி என்ன?

சொந்தக்காரர் இதை வாசித்துவிட்டு என்னோடு கதைக்காமல் விடலாம். இதை முதலில் வாசித்த என் கணவர் விடிந்ததிலிருந்து பேசவில்லை. பிள்ளைகள் வாசித்து விளங்கிக்கொள்ளுகிற அளவுக்கு அவர்களுக்குத் தமிழ் வராது. அவர்களுக்கு நானே இருத்திவைத்துச் சொல்லவேண்டும். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

அண்ணா, மே மாதம் முழுக்க லீவு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். பாண் கடைக்கு மேலே வாடகைக்கு ஓர் அறை இருக்கிறது. அங்கே வந்து இருந்து, ஒவ்வொரு நாள் காலையிலும் மயானத்துக்கு நடந்து போய்ப் பார்ப்பேன். புதைகுழி வெட்டத் தொடங்குகிற அன்றைக்கு ஐரீன் என்னைப் போகச் சொல்லலாம். போகச் சொன்னால் வேலிக்கு வெளியே நிற்பேன். ஆனால் இந்த முறை வராமல் இருக்கமாட்டேன்.

உங்கள் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
சாந்தி