வலது பக்கம் ஒலி குறைவு

18 செப்டம்பர் 1999, சனி

கேசட்டோ இசைத்தட்டோ இல்லாமல் பாடும் கையடக்கக் கருவி ஒன்றை அனுப்பி, மதிப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தது பத்திரிகை. மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக் கேட்டேன். கண்டனூர் பஸ் குலுங்கியபோதும் பாட்டு தடைப்படவில்லை. பத்துப் பாட்டுக்கு மேல் கொள்ளாது. வலது பக்கம் ஒலி மிகக் குறைவு. அப்படியே எழுதிவிட்டேன்.

குறை சொல்லும் வரிக்கு இன்னொரு சாட்சி தேடுவது என் தொழில் பழக்கம். மாலையில் மனைவி ஸ்டெல்லாவைக் கேட்கச் சொன்னேன்.

"ரெண்டு பக்கமும் நல்லாத்தானே கேக்குது?"

இயர்போனை இடம் வலம் மாற்றி மாட்டிப் பார்த்தேன். அப்போதும் வலது காதில்தான் மந்தம்.

"காதுல கோளாற வச்சுக்கிட்டு பெட்டியக் குத்தம் சொல்றீகளே!" சிரித்தவள், பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஒரு வருசமா நான் இடப்பக்கமா வந்துதானே உங்ககிட்டப் பேசுறேன்."

வலது பக்கத்தைக் குறை சொன்ன வரியை அடித்துவிட்டேன். ஒரு பொய் அச்சாகாமல் தப்பியது. திங்கட்கிழமை டாக்டரிடம் போகவேண்டும். காது போனால் நிருபன் என்ன செய்வான்? பயம்தான்.

ஆனாலும், பஸ்ஸில், சாப்பாட்டில், கடைத்தெருவில், ஒரு வருடமாக இடம் மாறி வந்திருக்கிறாள். நான் ஒரு நாளும் கவனிக்கவில்லை. இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.