சூடானால் இறங்கும் பெடல்

மார்ச் 13, வியாழன்

போதும். பதினோரு வருடமாக வாயை மூடிக்கொண்டு இருந்தாகிவிட்டது. இந்த நோட்டிலாவது சொல்கிறேன்.

தார்க்கியின் பிக்கப்பை இன்று என் பட்டறைக்கு இழுத்து வந்து போட்டார்கள். ஞாயிறன்று ஆரஞ்சு மூட்டைகளும் ஆறு ஆட்களுமாக மலை இறங்கும்போது, கடைசி வளைவுக்கு முன்னால் பிரேக் பெடல் தரைவரை போய்விட்டதாம். வண்டியை மலைச்சுவரில் உரசி நிறுத்தியிருக்கிறான். பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் அவனோடு சேர்த்து ஏழு பேர். ஆரஞ்சு விற்கும் சத்துர்னினா அம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்ததோடு போயிற்று.

தார்க்கி குடித்திருந்தான் என்கிறது ஓட்டுநர் சங்கம். 21ஆம் தேதி கூட்டம். சங்க அட்டையைப் பறித்துவிடுவார்கள். அது இல்லாமல் இந்தச் சாலையில் யாரும் ஆள் ஏற்ற முடியாது.

சங்கத் தலைவன் லாருட்டா தானே வந்து பெடலை மிதித்துப் பார்த்தான். கல் மாதிரி நின்றது.

“பாத்தீங்களா வாத்தியாரே? பெடலுக்கு ஒண்ணுமில்ல. மிதிச்ச காலுதான் குடிச்சிருக்கு.”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

என்ஜினை ஓடவிட்டு, பெடலை அழுத்தி, கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் வைத்திருந்தேன். ஒரு நூல்கூட இறங்கவில்லை. மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு இல்லை. நான்கு சக்கரங்களின் உட்புறமும் காய்ந்த தூசி. எங்கும் கசிவு இல்லை. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு தார்க்கியை மிதிக்கச் சொன்னேன். எதுவும் உப்பவில்லை.

“எப்பதாம்ப்பா இறங்குது?”

“ஏறும்போது கல்லு சார். இறங்க இறங்க சேறு. கீழ ஒரு மணி நேரம் நிறுத்திப் போட்டா மறுபடி கல்லு.”

சூடானால் மட்டும். கேட்டதும் தெரிந்துவிட்டது.

இல்லை. முன்பே தெரியும். இங்கேயும் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

மார்ச் 15, சனி

இம்மாதம் 4ஆம் தேதி, திருவிழாச் செவ்வாயன்று சந்தைத் திடலில் வண்டிகளுக்குப் பூச்சுற்றி, பூமித்தாய் பச்சமாமாவின் பேரில் சாராயம் தெளித்தார்கள். தார்க்கியுடையது உட்பட நான்கு பிக்கப்புகளுக்கு லாருட்டாதான் ஞானத்தகப்பன்; அவன் கையால்தான் தெளிக்க வேண்டும். டயருக்கு, பானெட்டுக்கு, என்ஜினுக்கு — அதுவரை வழக்கம்தான். பிறகு பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகினான்.

“இதுக்கும் தொண்டை காஞ்சு கெடக்கு பாருங்கடா!”

தண்ணீர் கலக்காத கரும்புச் சாராயம். நான்கு வண்டியிலும். கை தட்டினார்கள்.

நான் பத்தடி தள்ளி நின்றேன், கையில் பீர். சாராயம் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று அவன் மகனுக்குப் பாடம் எடுத்தவன் நான். அந்த மகனைத் தேர்ச்சி செய்யவில்லை என்றுதான் பதினோரு வருடம் முன்பு பெற்றோர் கூட்டம் போட்டு என்னைப் பள்ளியிலிருந்து துரத்தினான். கை தூக்கச் சொன்னபோது தார்க்கியும் தூக்கினான். பார்த்தேன்.

திடலில் அன்று, ஊற்றட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

தார்க்கி திருவிழாவுக்கு மறுநாளே புது பிரேக் பேட் போட்டு, பழைய ஆயிலைச் சக்கரப் பக்கமாக வெளியே விட்டு, குழாயில் சிக்கிய காற்றை எடுத்திருக்கிறான். டப்பாவில் இருந்த சாராயம் அப்படியே சக்கரம் வரை போய்விட்டது. அதனால் அவன் வண்டி முந்திக்கொண்டது. மற்ற மூன்றிலும் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும்.

சக்கரத்திலிருந்து இரண்டு கரண்டி ஆயிலைச் சோதனைக் குழாயில் பிடித்து, அடுப்பில் இருந்த நீர்ப் பானைக்குள் நிற்க வைத்தேன். நல்ல பிரேக் ஆயில் கொதிநீரில் சும்மா இருக்கும். இது நீர் கொதிப்பதற்கு முன்பே குமிழ் விட்டது. சாராயக்கடை வாசம். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரைக்குப் போக வேறு காரணம் வேண்டாம்.

தார்க்கிக்குக் காட்டினேன். குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஞானத்தகப்பன் மேல எப்படி சார் பழி போடுறது?”

“அப்ப அட்டைய விட்டுரு.”

“பச்சமாமாவுக்கு ஊத்துனதாலதான் வண்டி மோதுச்சுன்னு கூட்டத்துல சொல்லவா? கல்ல எடுப்பாங்க. நீங்க சொல்லுங்களேன். படிச்சவரு நீங்க.”

மார்ச் 18, செவ்வாய்

காலையில் மற்ற மூன்று வண்டிகளும் மலை இறங்கின. மாலைக்குள் மூன்றும் திரும்பின.

சத்துர்னினா அம்மாளைப் பார்க்கப் போனேன். படுக்கையில் இருந்தபடியே சண்டைக்கு வந்தாள். “குடிச்சிருந்தானாமா? அவன் குடிச்சா பாட்டுல்ல பாடுவான்! அன்னிக்கு மாதாவே மாதாவேன்னு கத்திக்கிட்டு ஓட்டுனான். என் ஆரஞ்ச எவன்டா பொறுக்கித் தின்னான், அத மொதல்ல சொல்லு.”

மார்ச் 19, புதன்

லாருட்டாவைச் சங்க அறையில் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“பதினோரு வருஷம் யோசிச்சு இதுதானா கெடச்சுது வாத்தியாரே?”

“மூணு வண்டியவும் நிறுத்துங்க. ஆயில நானே மாத்தித் தரேன். ஒரு மணி நேர வேலை.”

“நான் ஊத்துனத நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“பாத்துட்டு, வாய மூடிக்கிட்டு நின்னீங்க.”

இந்தமுறை அவன் சிரிக்கவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். வழியில் எதையாவது நினைத்தேனா? ஞாபகமில்லை. ரொட்டி வாங்கியிருக்கிறேன், மேசைமேல் இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

மூன்றும் இறங்கின. நான்கு மணிக்குள் இரண்டு திரும்பின.

மூன்றாவது இருட்டும் நேரத்தில் வந்தது. வெளியே நின்று கையைக் காட்டி நிறுத்தினேன். இறங்கும் வழியில் பெடல் சோம்பலாக இருந்ததாம். ஓரங்கட்டி ஆறவிட்டு வந்தானாம். பின்னால் ஒன்பது பேர், ஒருத்தி மடியில் குழந்தை.

“உள்ள விடுப்பா, ஆயில மாத்திரலாம்.”

“உங்க பட்டறைக்குப் போகக்கூடாதுன்னு தலைவர் சொல்லிட்டாரு சார். தப்பா நினைக்காதீங்க.”

போய்விட்டான்.

நாளைக் கூட்டத்துக்காக ஒரு பக்கம் எழுதினேன். நான்கு வண்டிகளின் எண்கள். என்ன ஊற்றப்பட்டது, யார் ஊற்றியது. தார்க்கி குடிக்கவில்லை. பிறகு, எந்த வீட்டு அடுப்பிலும் செய்து பார்க்கக்கூடிய அந்தச் சோதனை. கீழே என் பெயர்.

என் பெயரைப் பார்த்தால் வாத்தியார் பழி தீர்க்கிறார் என்பார்கள். ஒருத்தரும் பானையை அடுப்பில் வைக்கமாட்டார்கள். பெயரில்லாமல் கிடந்தால் யாராவது ஒருத்தர், சும்மா பார்ப்போமே என்றாவது வைப்பார். எழுதியவன் யாரென்று லாருட்டாவுக்குத் தெரியும். தெரியட்டும்.

விடிந்ததும், முதல் வண்டி கிளம்பும் முன்பு, சங்கக் கதவில் ஒட்டிவிடுவேன். பெயர் போடப்போவதில்லை.

புதுத் தாளில் திரும்ப எழுதினேன். முதல் தாளில் ‘ஊற்றும்போது நான் அங்கே நின்றிருந்தேன்’ என்று ஒரு வரி இருந்தது. பெயரில்லாதவன் அதை எழுத முடியாது. எழுதாமல் விட்டுவிட்டேன்.