தறி அச்சும் அம்மை அச்சும்

காமாட்சி துணை

பிள்ளையார்பாளையம்,
10-3-1963

மூன்று உலகமும் மெச்சும் என் மகள் வள்ளிக்கு, சித்தப்பா குமாரசாமி ஆசி கூறி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை குழலியும் பிலாயில் சுகமாயிருக்க வேண்டுமென்று ஏகாம்பரநாதரை நான் தினமும் தொந்தரவு செய்வதில், அவர் என் தலையைக் கண்டாலே நடை சாத்திவிடுகிறார். நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உன் அப்பா போனதிலிருந்து, எழுத்துத் தெரியாத அண்ணிக்காக உனக்குக் கடிதம் எழுதும் மகாமந்திரி பதவி என்னுடையது. நம் கொல்லைப் புடலங்காய் தேர் வடத்துக்கு உதவியது என்று போன தடவை எழுதினேன் அல்லவா, இன்று அப்படி அளக்கக் கை வரவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள் வெள்ளிக்கிழமை போய்விட்டாள் அம்மா. பெரியம்மை. உன் கல்யாணத்தன்று உனக்குத் தலை பின்னிவிட்டாளே, அவளேதான். இன்னும் அவள் குரல் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பதுபோல் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

நடந்தது இதுதான். தை மாதக் கடைசியில் தண்டோராக்காரன் வந்து, நாளைக்கு அச்சு குத்த வராங்கோ, அல்லாரும் ஊட்லயே இருங்கோ என்று கத்திவிட்டுப் போனான். அம்மை வராமல் கையில் குத்துகிற அச்சைச் சொன்னான். ஆனால் நம் தெருவுக்கு அச்சு என்றால் நூலை அடித்து நெருக்கும் தறி அச்சு ஒன்றுதானே தெரியும்? தங்கம் வைத்திருக்கக் கட்டுப்பாடு என்று சர்க்கார் புதுச் சட்டம் போட்ட கிலி வேறு. சர்க்கார் ஒவ்வொரு அச்சிலும் முத்திரை குத்தி வரி போடப்போகிறது என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. பொன்னியம்மாள் புருஷன் குப்புசாமி அச்சுகளையெல்லாம் பழம்புடவையில் சுற்றிக்கொண்டு, வீட்டைப் பூட்டி, பெண்டாட்டியோடு ஐயம்பேட்டைக்குக் கிளம்பினான். அம்மை குத்துகிற ஆதிகேசவன் எனக்குப் பழக்கம், அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு ஓடிப்போய் மாட்டுவண்டியை மறித்தேன். குப்புசாமி, அது தறி அச்சு இல்லபா, அம்மை அச்சு, கையைக் காட்டிட்டுப் போங்கப்பா என்று கெஞ்சினேன். பொன்னியம்மாள் வண்டியிலிருந்தபடியே சிரித்தாள். கோயில் யானை தறி நெய்யுதுன்னு போன வாரம் சொன்ன ஆளுதானே நீ, வழிய வுடுய்யா என்றாள். வண்டி போய்விட்டது. மறுநாள் ஆதிகேசவன் பல வீடுகளில் தொங்கிய பூட்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

அவர்கள் ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் தெருக்கோடியில் அம்மை கண்டது, பிறகு அவளுக்கு. வேப்பிலை கட்டினார்கள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அச்சுகள் ஒரு பல் உடையாமல் திரும்பி வந்துவிட்டன. குப்புசாமி அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான், தறியில் இறங்கவில்லை.

நானும் அண்ணியும் அப்போதே குத்திக்கொண்டோம். என் கை பூசணிக்காய் போல வீங்கியது என்று எழுதிவிட்டுப் படித்துக் காட்டினேன், அண்ணி கோபமாக, எலுமிச்சம்பழம்னு எழுது, புள்ள பயந்துக்கினு குத்திக்காம இருந்துடப்போவுது என்றாள். எலுமிச்சம்பழம்தான் அம்மா. இரண்டு நாள் காய்ச்சல், ஒரு தழும்பு, அவ்வளவே.

பங்குனி உத்திரத்துக்குக் குழலியைத் தூக்கிக்கொண்டு வருவதாக எழுதியிருந்தாய். வராதே. பேத்தி முகத்தை இன்னும் பார்க்காத அண்ணியேதான் வராதே என்று எழுதச் சொல்கிறாள், சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்துகிறாள். நீங்கள் மூவரும் முதலில் அங்கேயே அச்சு குத்திக்கொள்ளுங்கள். குழந்தைக்குக் குத்தின புண் ஆறட்டும், இங்கே தெருவும் தெளியட்டும், ஆவணியில் வா. மாப்பிள்ளைக்கு என் ஆசி, வெளித் தண்ணீர் குடிக்க வேண்டாமென்று சொல்.

சித்தப்பா கதை விடுகிறார் என்று நீயும் சிரித்துவிடுவாயோ என்றுதான் என் பயமெல்லாம். அதனால் அண்ணியின் கட்டைவிரலை அரக்குச் சாயத்தில் தோய்த்து இதன் கீழே வைக்கச் சொன்னேன். என் எழுத்தை நம்பாவிட்டாலும் உன் அம்மாவின் அச்சை நம்பு.

தீர்க்காயுசாய் இரு.

உன் சித்தப்பா,
செ. குமாரசாமி

(இது ரேணுகாம்பாள் கைநாட்டு)