உறைந்த தேங்காய் எண்ணெயும் ஓடுகிற ஸ்லைடும்

இன்று காலை அடுப்படியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டுகூட விழவில்லை. மார்கழிக் குளிரில் வெள்ளையாக உறைந்து உட்கார்ந்திருந்தது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. கூட்டாளி, நீ போய் இன்றோடு இரண்டு வருஷம்.

இந்த எண்ணெய் விஷயத்தில் உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நான் ஊதுகிற டிராம்போனில் முன்னும் பின்னும் இழுத்து வாசிக்கிற குழாய், அந்த ஸ்லைடுக்கு என்றே தனியாக ஓர் எண்ணெய் உண்டு. நம் வில்லியனூர் பேண்டில் யார் அதைக் கண்டார்கள்? "அதுக்கு இன்னாத்துக்குடா தனி எண்ணெ? தலைக்குத் தடவறதையே தடவு, வழுக்கினு போவும்" என்றாய். பெரிய டிரம் அடிக்கிறவனுக்கு ஸ்லைடைப் பற்றி என்ன தெரியும் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் இருபது வருஷம் தடவினேன். கல்யாண சீசன் எல்லாம் வெயிலில்தான், நன்றாகவே வழுக்கியது. மார்கழியில் நமக்குக் கல்யாணமும் கிடையாது, சாவு எடுத்தாலும் மத்தியானத்துக்கு மேல்தான். அதனால் அந்த எண்ணெயின் சுபாவம் நம் இருவருக்கும் தெரியாமலே இருந்தது.

உன்னை மட்டும் உன் மீனவக் குப்பத்தில் காலை ஆறரைக்கே எடுத்தார்கள். நம் பேண்டின் வழக்கப்படி உன் டிரம்மை யாரும் அடிக்காமல் முன்னால் தூக்கிக்கொண்டு போனோம். உனக்குப் பிடித்த அந்த மெதுவான பாட்டை நான்தான் எடுக்க வேண்டும். வாயில் வைத்து இழுத்தேன். ஸ்லைடு அசையவில்லை. எண்ணெய் உள்ளே கெட்டிப்பட்டுவிட்டது. இழுத்தேன், ஊதினேன், திட்டினேன். கடைசியில் கிளாரினெட்காரர் பாட்டை எடுத்துக்கொண்டார். கடற்கரைச் சுடுகாடு வரைக்கும் நான் ஒரு பித்தளைக் குழாயைச் சுமந்துகொண்டு உன் பின்னால் நடந்தேன். உனக்கு வாசிக்காமல் விட்ட அந்தக் காலையை நினைத்து நான் அழாத நாளில்லை.

உனக்கு ஊதத் தெரியாது. ஆனால் உன் காதைப் போல ஒரு காதை நான் பார்த்ததில்லை. கரையில் நின்றுகொண்டு, வருவது யார் வீட்டு விசைப்படகு என்று எஞ்சின் சத்தத்திலேயே சொல்வாய். எங்கள் ஒத்திகையின்போது டிரம்மை இறக்கி வைத்துவிட்டுத் தெருக்கோடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாய். சத்தம் சரியாக வந்தால் வலது கையைத் தூக்குவாய். "வாசிக்கிறவன் காதுக்கு எல்லாம் நல்லாத்தான்டா இருக்கும். தூரத்துல நிக்கிறவனக் கேளு" என்பாய். அப்புறம் ஓர் ஆசையும் சொல்வாய். "நடந்துகினே வாசிச்சி வாசிச்சி காலு தேஞ்சிபோச்சி. ஒரு நாளு நீ உக்காந்து வாசிக்கணும்டா. ஜனம் பேசாம கேக்கணும்."

அந்த நாள் வந்ததடா. பாண்டிச்சேரி டவுனில் ஓர் அரங்கில் காற்று வாத்தியக் கச்சேரி. டிராம்போனுக்கு ஆள் தேடிக்கொண்டு நம் பேண்டுக்கே வந்தார்கள். நடத்துகிற அம்மா என் பழைய வாத்தியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நடுவுல உங்களுக்கு மட்டும் ஒரு பாகம் இருக்கு. ரொம்ப மெதுவா வாசிக்கணும். இது தாங்குமா?" என்று கேட்டார். தாங்காது என்று எனக்கே தெரியும். பத்து இடத்தில் ஈயப் பற்று வைத்தது, காற்று ஒழுகும், உரக்க ஊதினால்தான் பேசும். "புதுசு எடுத்துடறேம்மா" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு சீசன் சம்பாத்தியம் அதற்குத்தான் போனது.

சென்னையில் கடைக்குப் போகும்போது உன் மகள் செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன். வில்லியனூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவளுக்கு அங்கே என்ன வேலை என்று என் வீட்டில் கேட்டார்கள். அவளுக்கு உன் காது.

கடைக்கார பாய் நல்ல மனிதர். தொழில்முறைக் கலைஞர்கள் வாசிக்கிற நான்கு டிராம்போன்களை எடுத்து மேஜையில் வைத்தார். ஸ்லைடைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பூட்டைத் திறந்தேன். நல்ல ஸ்லைடு தானாகவே இறங்க வேண்டும். இரண்டின் ஸ்லைடு பாதியிலேயே தயங்கியது, அவற்றை ஒதுக்கினேன். மிச்சம் இரண்டு. ஒன்று புத்தம்புதுசு, முகம் பார்க்கலாம், கட்டைவிரலால் அழுத்துகிற வால்வும் கூடுதல் குழாயும் வைத்தது. இன்னொன்று யாரோ வாசித்த பழசு. கை பிடிக்கிற இடத்தில் பூச்சு தேய்ந்திருந்தது. வால்வு கிடையாது. ஆனால் ஓர் ஒடுக்கு இல்லை, ஸ்லைடு தண்ணீர் போல இறங்கியது.

என் மனசு புதுசில் ஒட்டிக்கொண்டது. பேண்டுக்காரன் புத்தி, பளபளப்பும் சத்தமும்தானே நமக்கு வாத்தியம். பாயிடம் அனுமதி கேட்டு வாசலுக்கு வந்தேன். செல்வி தெருக்கோடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இடுப்பில் கை வைத்து நீ நிற்கிற அதே நிற்பு.

புதுசில் ஊதினேன். கை எழவில்லை. பழசில் உன் பாட்டை மெதுவாக எடுத்தேன். நாலாவது ஸ்வரத்திலேயே கை மேலே போனது. எனக்கு மனசு வரவில்லை. மறுபடி புதுசு, இன்னும் உரக்க. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார், அவள் பார்க்கவில்லை. இன்னொரு தடவையும் ஊதினேன். கடைசியில் அவளே நடந்து வந்தாள்.

"சித்தப்பா, அந்த ஒண்ணையே எத்தினி வாட்டி ஊதுவ? அது உங்கிட்டயே கத்திக்கினு கீது. இன்னொன்னு என் காதுல வந்து பேசுது."

பாய் சிரித்துவிட்டார். "பொண்ணு சொல்றதக் கேளுங்க" என்றவர், பழசைப் பெட்டியில் போட்டு, ஸ்லைடு எண்ணெய் ஒரு புட்டியும் சேர்த்து வைத்தார். வேறு எந்த எண்ணெயும் ஆகாது என்றும் சொன்னார். நான் உன்னை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

போன மாதம் கச்சேரி. நாற்காலியில் உட்கார்ந்தேன். முன்னால் அத்தனை ஜனம், ஒருவரும் பேசவில்லை. என் பாகம் வந்ததும் இழுத்தேன், ஸ்லைடு தண்ணீர் போல ஓடியது. மூச்சைவிட மெல்லமாக ஊதினேன். காற்று ஒழுகவில்லை, ஒரு ஸ்வரம் உடையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மார்க்கெட்டிலிருந்து அப்படியே ஓடி வந்த செல்வி கடைசி வரிசைக்கும் பின்னால், கதவை ஒட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் வலது கை உயரே இருந்தது.

முடிந்ததும் ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன். நீ கேட்டது அதுதானே! ஜெயித்துவிட்டோம்டா. நானும் நீயும் உன் மகளும் ஜெயித்துவிட்டோம்.

இதோ மணி ஆறு. குளிர் அப்படியே இருக்கிறது, தேங்காய் எண்ணெய் கல்லாகக் கிடக்கிறது, என் ஸ்லைடு ஓடுகிறது. அன்றைக்கு வாசிக்காமல் விட்ட பாட்டை எடுத்துக்கொண்டு உன் கடற்கரைக்குக் கிளம்புகிறேன். தூரத்தில் நிற்கிற உனக்காகத்தான் இன்னமும் ஊதுகிறேன். இன்று ரொம்ப மெதுவாக வாசிப்பேன். கேட்டால் கையைத் தூக்கு.