என் பெயரில் போனவள்

2022 ஆகஸ்ட் 29, திங்கள்

விசா நேர்காணலுக்கான குலுக்கலில் என் பெயர் விழுந்துவிட்டது. செப்டம்பர் 21, காலை ஒன்பதரை, தலைநகர் பிரிஷ்டினாவில் ஜெர்மன் தூதரகம். என் கணவர் ஃபாட்டோன் மின்னஞ்சலை மூன்று தடவை சத்தமாகப் படித்தார்.

நர்ஸாகவே போவதென்றால் முதலில் என் படிப்பை அவர்கள் அங்கீகரிக்க வேண்டும், மொழித் தேர்வும் எழுத வேண்டும். இரண்டு வருடமாவது ஆகும். பால்கன்காரர்களுக்கான வேலை விசாவுக்கு அதெல்லாம் இல்லை. வேலை ஒப்பந்தமும் குலுக்கலில் அதிர்ஷ்டமும் இருந்தால் போதும். ஜெர்மனியில் காஸல் நகரத்தில் ஒரு முதியோர் இல்லம் உதவியாளராக எடுத்துக்கொள்கிறது. பதினோரு வருடம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு உதவியாளரா என்று முதலில் வலித்தது. பரவாயில்லை. நான் முன்னால் போய்விட்டால், குடும்ப விசாவில் ஃபாட்டோனும் மகள் எர்மிராவும் பின்னால் வரலாம்.

தங்கைக்குப் போன் செய்தேன். லிரியே தேதியை இரண்டு தடவை கேட்டாள். பிறகு, “நிஜமாவே போறியாக்கா?” என்றாள். எல்லைச் சாவடியில் போலீஸ் பணியில் இருந்தாள், பின்னால் லாரிச் சத்தம்.

செப்டம்பர் 20

ஒப்பந்தம், வேலைத் துறை ஒப்புதல், காப்பீடு, திருமணச் சான்று, நான்கு போட்டோ. இரண்டு தடவை சரிபார்த்தாயிற்று.

செப்டம்பர் 21

எங்கிருந்து எழுதுவது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி, கூடவே மொழிபெயர்ப்பாளர். விரல் ரேகை எடுத்தார்கள். இதற்கு முன்னால் ஜெர்மனியில் இருந்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

“நல்லா யோசிச்சு சொல்லுங்க” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

யோசிக்க என்ன இருக்கிறது? அந்த அம்மாள் திரையைப் பார்த்துப் படித்தார். என் பெயர். என் பிறந்த தேதி. 2015 ஜனவரியில் அங்கே அடைக்கலம் கேட்டிருக்கிறேனாம். ஜூனில் என்னை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்களாம். மறுபடி நுழையத் தடை. தடைக்கு முடிவு தேதி இல்லை.

2015 பிப்ரவரியில் நான் ஜாகோவா ஆஸ்பத்திரியில் எர்மிராவைப் பெற்றுக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். வாய் குழறியது. என் ரேகை அந்தக் கோப்போடு ஒத்துப்போகவில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் பெயர் என்னுடையது. வக்கீல் வழியாக விளக்கம் கொடுக்கச் சொன்னார்கள், அதுவரை விண்ணப்பத்தை மூட மாட்டார்களாம்.

பஸ்ஸில் வரும்போது ஃபாட்டோனிடம் என்ன சொன்னேன் என்றே நினைவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

செப்டம்பர் 22

யார்? யாரோ திருடியிருக்கிறார்கள். துருக்கி போவதற்காகக் கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த பாஸ்போர்ட், போகாமலே அம்மா வீட்டு அலமாரியில் கிடந்தது. அப்புறம் காணோம் என்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் பஸ் பஸ்ஸாக ஹங்கேரி வழியே ஜெர்மனிக்குப் பாதி ஊரே போனது. எவள் கைக்குப் போனதோ.

அக்டோபர் 7, வெள்ளி

வக்கீல் அந்தக் கோப்பின் நகலை வாங்கி அனுப்பியிருந்தார். முதல் பக்கத்தில் போட்டோ.

லிரியே.

என் சாம்பல் நிறக் கோட்டு. என் பெயர். முகம் மட்டும் அவளுடையது.

அந்த மாதங்களில் அவள் பக்கத்து நாட்டில், உல்ச்சினில் ஹோட்டல் வேலை பார்த்ததாகத்தானே சொன்னார்கள். குழந்தை பிறந்தபோது அவள் வரவில்லையே என்று எவ்வளவு அழுதேன்.

இதற்குமேல் எழுத முடியவில்லை.

அக்டோபர் 8

வீட்டு முற்றத்தில் அம்மா ஐவார் தொக்குக்காகச் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். வாளி வாளியாக. போட்டோ இருந்த தாளை நீட்டினேன். கருகின தோலை உரித்த கையாலேயே வாங்கிப் பார்த்தாள். ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் என்னை அடித்துப்போட்டது.

“உனக்குத் தெரியுமாம்மா?”

“நான்தாண்டி எடுத்துக் குடுத்தேன்.”

லிரியே முதல் தடவை ஹங்கேரி எல்லையிலேயே பிடிபட்டாளாம். அவள் பெயர் அங்கே பதிவாகிவிட்டது. இரண்டாம் தடவைக்கு வேறு பெயர் வேண்டியிருந்தது.

“என் பேரா கெடச்சுது?”

“உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, வயித்துல புள்ள. நீ எங்கடி போகப் போறே? சும்மா கெடக்குற பேருதானேன்னு நெனச்சேன்.”

சும்மா கிடக்கிற பேர். இதைச் சொல்லிவிட்டு அடுத்த மிளகாயை எடுத்தாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. பெத்தவ பேசுற பேச்சா இது?

அக்டோபர் 9

லிரியே வந்தாள். சீருடையிலேயே. உட்காரச் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை.

“அந்தத் தடை அஞ்சு வருஷத்துல தானா அழிஞ்சிடும்னு சொன்னாங்கக்கா. நான் நம்பிட்டேன்.”

“ஆகஸ்ட்ல போன் பண்ணேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல.”

“தெனமும் எத்தன பேரு பாஸ்போர்ட்டப் பாத்து, இது நீதானான்னு கேக்குறே?”

தலையைக் குனிந்துகொண்டாள். அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ? இல்லை, கேட்க வேண்டியதுதான்.

அக்டோபர் 14

வக்கீல் சொன்னது: ரேகை என்னுடையது இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது. அது யார் என்று தெரிந்தால்தான் கோப்பை என் பெயரிலிருந்து பிரிப்பார்கள். தெரியாது என்று எழுதினால் வருடக்கணக்கில் இழுக்கும், அதுவும் பொய். தெரியும் என்று எழுதினால் லிரியேயின் போலீஸ் வேலை போய்விடும், வழக்கும் வரலாம்.

ஃபாட்டோன், “இது உன் பேரு, வால்டேட்டே. நீதான் முடிவு பண்ணணும்” என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 23

விளக்கக் கடிதம் எழுதினேன். “அந்தப் படத்தில் இருப்பவர் என்” — அதற்குமேல் பேனா ஓடவில்லை.

அக்டோபர் 30

இன்னும் அனுப்பவில்லை. அம்மா இரண்டு தடவை போன் செய்தாள், நான் எடுக்கவில்லை.

நவம்பர் 14, திங்கள்

வக்கீலிடமிருந்து போன். நேற்று முன்தினம் லிரியே தானாகவே அவரிடம் போயிருக்கிறாள். முழு வாக்குமூலம், கையெழுத்து. தூதரகத்தில் ரேகை கொடுக்கவும் தயார் என்று எழுதியிருக்கிறாள். அதற்கு முன்னாலேயே மேலதிகாரியிடம் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டாளாம்.

யார் கேட்டார்கள்? நான் கேட்கவில்லையே. நான் அந்தப் பாதிக் கடிதத்தை வைத்துக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.

அவளுக்குப் போன் செய்ய எடுத்தேன். என்ன சொல்வது? நன்றி என்றா? வைத்துவிட்டேன்.

2023 மார்ச் 3

தடை என் பெயரிலிருந்து நீங்கி அவள் பெயருக்குப் போய்விட்டது. அவள்மீது போட்ட வழக்கு அபராதத்தோடு முடிந்தது. முதியோர் இல்லம் வேலையை இன்னும் எனக்காக வைத்திருக்கிறது. விசா ஒட்டிய பாஸ்போர்ட் மேசைமேல் கிடக்கிறது. சந்தோஷமாக இருக்க வேண்டும்தானே? எர்மிரா மட்டும் குதிக்கிறாள்.

மார்ச் 19

நாளை பயணம். அம்மா வந்து அழுதாள். லிரியே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 12, காஸல்

ஆறு மாதமாக இந்த நோட்டைத் திறக்கவில்லை.

லிரியே ஒரு டிரைவிங் பள்ளியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாளாம். ஃபாட்டோனுக்கும் எர்மிராவுக்கும் குடும்ப விசாத் தாள்களை எல்லாம் அவள்தான் அலுவலகம் அலுவலகமாக அலைந்து சேர்த்திருக்கிறாள். ஃபாட்டோன் இதை எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கிறார்.

இன்று மதிய இடைவேளையில் அவளிடமிருந்து குரல் பதிவு வந்தது. இங்கே வந்தபிறகு முதல் தடவை.

“அக்கா, ஃபாரத்துல ஒரு எடத்துல ஊர்ல இருக்குற நெருங்கின சொந்தக்காரங்க ஒருத்தர் பேரு கேக்குறாங்க. மாமா என் பேரைப் போடச் சொல்றாரு. தடை இருக்குற பேரு, அதுனால ஏதாவது ஆகுமான்னு வக்கீல்கிட்ட கேட்டேன், ஒண்ணும் ஆகாதுன்னாரு. இருந்தாலும் உன்னக் கேக்காமப் போட மாட்டேன். போடலாமா?”

இரண்டு தடவை கேட்டேன். பிறகு, போடு என்று எழுதி அனுப்பினேன்.