மானிய வயலும் ஒரு வார்த்தையும்

கை நகத்துக்குள் நம் வயலின் சேறு. கழுவிப் பார்த்தேன், போகவில்லை. இன்று அங்கே நடவுக்குப் போனேன், கூலிக்கு. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் சிறுமியாகக் கற்ற எழுத்து இதற்காவது உதவட்டும்.

ஊருக்கெல்லாம் சவரம் செய்வதற்காகப் பண்ணையார் வீட்டில் உங்கள் தாத்தாவுக்கு விட்ட மானிய வயல் அது. அதை விட்டால் நமக்குச் சோற்றுக்கு வழியில்லை. சுதேசி ஊர்வலம் போன நம்மூர்ப் பையன்கள் கல்லெறிந்ததைப் பார்த்ததாகப் பண்ணையார் கோர்ட்டில் பொய்ச்சாட்சி சொன்னார். பையன்கள் ஜெயிலுக்குப் போனார்கள். நீங்கள் அவர் வீட்டுக்குக் கத்தியை எடுத்துப் போவதை நிறுத்தினீர்கள். அறுப்புக்கு முன்பே வயல் பறிபோனது.

கொஞ்ச நாளில் அவர் மருமகளுக்குப் பிரசவ வலி. ஊரில் பிள்ளைப்பேறு பார்ப்பது நம் வீட்டுப் பெண்கள்தானே. போகவா என்று கேட்டேன்.

"போ ஏட்டி. வயித்துல கெடக்குத பிள்ளையா சாட்சி சொல்லிச்சு?" என்றீர்கள்.

பேரன் பிறந்த சந்தோஷத்தில் பண்ணையார், "நாளைக்கு உம் புருசன் கத்தியோட வந்தாம்னா வயலை எடுத்துக்கிடட்டும்" என்றார். ஓடிவந்து சொன்னேன்.

"பயலுவ ஜெயில்ல கெடக்கானுவ. நான் இவரு தாடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமாக்கும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

பையன்களின் தாய்மார் முந்தானையில் அரிசி கொண்டுவந்து தந்தார்கள். பாவம், அவர்களுக்குத்தான் எத்தனை நாள் முடியும்? அடுப்பு எரியாத போதெல்லாம் சண்டை போட்டேன். "நீங்க செஞ்சது தப்பு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீங்கள் சாகும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை.

இன்று நடவின் நடுவே பண்ணையாரின் காரியஸ்தர் வரப்பில் வந்து நின்றார்.

"உம் புருசன் செஞ்சது தப்புன்னு பண்ணையார் வாசல்ல வந்து ஒரு வார்த்தை சொல்லு. வயல் ஒனக்குத்தான். சொல்லுதியா?"

உங்களிடம் சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிப்போன வார்த்தைதான். அங்கே போய்ச் சொல்ல வாய் வரவில்லை.

"அது எங்க வீட்டுச் சண்டை அய்யா. வாசல்ல வந்து சொல்லுததுக்கில்ல" என்றேன்.

அவர் போய்விட்டார். குனிந்து மிச்ச நாற்றையும் நட்டேன். இடுப்பு ஒடிகிறது. உங்கள் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அது உங்களுக்கு மட்டும்தான்.